“வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கிறேன்”: கொடுத்த வாக்கிலிருந்து எப்போது பின்வாங்கலாம்?

தானா ராத்தாவில் ஒரு வீடு விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்காரர் வயதானவர். பிள்ளைகளுடன் ஈப்போவில் போய் இருந்துவிடலாம் என்று நினைக்கிறார். தேயிலைத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்து, ஊழியர் சேமநிதிப் பணத்தை நம்பி வீடு தேடும் ஒரு குடும்பத்துக்கு அவர் கடிதம் எழுதுகிறார்: “விலை 280,000 ரிங்கிட். வெள்ளிக்கிழமைக்குள் தபாலில் பதில் போடுங்கள். அதுவரை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன்.”

குடும்பம் கூடிப் பேசுகிறது. மருமகன் வங்கிக் கடனை விசாரிக்கிறார். இதற்கிடையில் புதன்கிழமை வேறொருவர் 300,000 ரிங்கிட் தருவதாகச் சொல்ல, வீட்டுக்காரரின் மனம் மாறுகிறது. “உங்களுக்கு விற்பதாக இல்லை” என்று அன்றே ஒரு கடிதத்தைத் தபாலில் சேர்க்கிறார். அது தெரியாமல், வியாழன் காலை குடும்பத்தார் சம்மதக் கடிதத்தை அஞ்சலகத்தில் பதிவுத் தபாலாகக் கொடுக்கிறார்கள். வீட்டுக்காரரின் கடிதம் அன்று மாலைதான் அவர்கள் கைக்கு வருகிறது.

வீடு யாருக்கு?

மனம் மாறிய செய்தியை வீட்டுக்காரர் ஒரு நாள் முன்பே எழுதிவிட்டாரே, அவர் பக்கம்தானே நியாயம் என்று பலருக்கும் தோன்றும். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. வியாழன் காலை அந்தக் கடிதம் அஞ்சலகக் கவுண்டரைத் தாண்டியபோதே வீட்டுக்காரர் கட்டுப்பட்டுவிட்டார். மாலையில் வந்த மறுப்புக்கு அதன் பிறகு மதிப்பில்லை.

இதைச் சொல்வது 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், அதாவது சட்டம் 136. ஒருவர் “இதைத் தருகிறேன், இந்த விலைக்கு” என்று முன்வருவதை அது முன்மொழிவு என்கிறது. மற்றவர் “சரி” என்பது ஏற்பு. இரண்டும் சேர்ந்தால் வாக்குறுதி. எந்தக் கட்டம் வரை யார் பின்வாங்கலாம் என்பதைச் சொல்பவை 4, 5, 6 ஆகிய மூன்று சிறிய பிரிவுகள்.

இந்த வாசகங்கள் நமக்கு ஒரு வகையில் பழைய உறவு. 1872இல் பிரிட்டிஷ் இந்தியாவில் இயற்றப்பட்ட இந்திய ஒப்பந்தச் சட்டத்திலிருந்து வந்தவை. பேராக், சிலாங்கூர் போன்ற மலாய் மாநிலங்களுக்கு 1899இல் அதை ஒட்டிய சட்டம் வந்தது. 1950இல் புதிய வடிவம் பெற்று, 1974இல் பினாங்கு, மலாக்கா, சபா, சரவாக் வரை விரிந்தது. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிய தாத்தா ஊரில் விட்டுவந்த ஒப்பந்தச் சட்டமும், பேரன் இன்று ரிங்லெட்டில் கையெழுத்திடும் ஒப்பந்தத்தை ஆளும் சட்டமும் இந்த விஷயத்தில் கிட்டத்தட்ட எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான்.

கிள்ளானில் போட்ட கடிதம்

மேலே சொன்ன வீட்டுக் கதை கற்பனை. ஆனால் நம் நாட்டிலேயே அதற்கு நெருங்கிய வழக்கு ஒன்று நடந்திருக்கிறது. 1913இல் தீர்ப்பான ‘இக்னேஷியஸ் எதிர் பெல்’ வழக்கை இன்றும் சட்ட மாணவர்கள் முதலாண்டிலேயே படிக்கிறார்கள்.

ஒரு நிலத்தின் மீதான உரிமையை வாங்கிக்கொள்ள ஒருவருக்கு வாய்ப்புக் கொடுக்கப்பட்டிருந்தது. கெடு 1912 ஆகஸ்ட் 20. வாங்க விரும்பியவர் ஆகஸ்ட் 16ஆம் தேதியே “வாங்கிக்கொள்கிறேன்” என்று எழுதி, கிள்ளானில் பதிவுத் தபாலில் போட்டுவிட்டார். கடிதம் கோலசிலாங்கூர் அஞ்சலகம் வரை போய் அங்கேயே கிடந்தது. நிலத்துக்காரர் அதை எடுத்துக்கொண்டது 25ஆம் தேதி மாலையில். கெடு முடிந்து ஐந்து நாளாகிவிட்டது.

கெடுவுக்குப் பிறகு கிடைத்த பதில் செல்லுமா? செல்லும் என்றது நீதிமன்றம். தபால் வழியாகத்தான் பதில் வரும் என்பதை இரு தரப்பும் எதிர்பார்த்திருந்தனர். அப்படியிருக்க, கடிதத்தைப் போட்ட 16ஆம் தேதியே ஏற்பு முடிந்துவிட்டது. அதன் பிறகு கடிதம் எங்கே தூங்கியது என்பது வாங்குபவரின் கவலை இல்லை.

பிரிவு 4 சொல்வதும் இதுதான். ஏற்பவரின் கைப்பிடியை விட்டுப் பதில் கிளம்பியதும், முன்மொழிந்தவர் கட்டுப்படுகிறார். “கைப்பிடியை விட்டு” என்பதைக் கவனிக்க வேண்டும். “நாளைக்கு டவுனுக்குப் போறப்ப போட்டுடு” என்று பக்கத்து வீட்டுத் தம்பியிடம் கடிதத்தைக் கொடுப்பது போதாது. அதை எந்த நேரமும் திரும்பக் கேட்டு வாங்கிவிடலாம், ஆகவே அது இன்னும் உங்கள் கையில் இருப்பது போலத்தான். ஆபீஸ் கிராணி மேசையில் வைத்துவிட்டு வந்த கடிதத்துக்கும் இதே சிக்கல் வரலாம். பதிவுத் தபால் ரசீதில் தேதி இருக்கும். அந்தச் சின்னக் காகிதம்தான் பிறகு சாட்சி சொல்லும்.

திரும்பப் பெறும் கடிதத்துக்கு விதி வேறு. அதைப் பெறுபவரைப் பொறுத்தவரை, அது அவருக்குத் தெரியவரும்போதுதான் உயிர் பெறுகிறது. எழுதிய நாளோ தபாலில் சேர்த்த நாளோ கணக்கில் வராது. இங்கிலாந்தில் 1880இல் தீர்ப்பான ஒரு வழக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கார்டிஃப் நகர வியாபாரி ஒருவர் தகரத் தகடுகளை விற்பதாக நியூயார்க் வியாபாரிக்கு 1879 அக்டோபர் 1ஆம் தேதி கடிதம் அனுப்பினார். 8ஆம் தேதி மனம் மாறி ரத்துக் கடிதம் போட்டார். முதல் கடிதம் 11ஆம் தேதி நியூயார்க் சேர்ந்தது. அன்றே அங்கிருந்து தந்தியில் சம்மதம் பறந்தது. ரத்துக் கடிதம் போய்ச் சேர்ந்தது 20ஆம் தேதி. ஒப்பந்தம் 11ஆம் தேதியே முடிந்துவிட்டது என்று தீர்ப்பானது.

ஆகவே, விற்பவர் பின்வாங்க நினைத்தால் தபாலை நம்பிக்கொண்டிருக்கக் கூடாது. போனை எடுத்து நேரில் சொல்லிவிட வேண்டும். புதன்கிழமையே அந்த வீட்டுக்காரர் ஒரு போன் போட்டிருந்தால் வீடு அவருடையதாகவே இருந்திருக்கும்.

“வெள்ளி வரை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன்” என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தாரே என்று கேட்கலாம். இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். வெறும் வாயால் சொன்ன “காத்திருக்கிறேன்” யாரையும் கட்டாது. அந்தக் காத்திருப்புக்கென்று ஏதாவது தொகை கைமாறியிருந்தால்தான் அது தனி ஒப்பந்தமாகிறது. அந்தத் தொகை சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை. “இத்தனை ரிங்கிட் பெற்றுக்கொண்டு இந்தத் தேதி வரை வீட்டை இவருக்காக வைத்திருக்கிறேன்” என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வது, நல்ல மனிதரின் நல்ல வார்த்தையை விடப் பலமானது.

வீட்டு விஷயத்தில் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. கடிதத்தில் ‘தெர்தாக்லுக் கெப்பாடா பெர்ஜன்ஜியான்’, அதாவது ஒப்பந்தப் பத்திரம் கையெழுத்தாவதற்கு உட்பட்டது என்ற சொற்கள் இருந்தால், பொதுவாக வழக்கறிஞர் அலுவலகத்தில் பத்திரம் கையெழுத்தாகும் வரை இரு தரப்பும் விலகிக்கொள்ளலாம். வீட்டுத் தரகர்கள் தரும் அச்சிட்ட படிவங்களில் இந்த வரி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

கேமரன் மலைக்கே உரிய ஒரு விஷயம்: ‘டி.ஓ.எல்.’ எனப்படும் தற்காலிகக் குடியிருப்பு உரிமத்தில் இருக்கும் காய்கறி நிலத்தை “விற்கிறேன்” என்று யாராவது முன்வந்தால், ஏற்பதா வேண்டாமா என்ற கேள்விக்கே இடமில்லை. தேசிய நிலச் சட்டப்படி அந்த உரிமத்தை இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாது. அந்தந்த ஆண்டு முடிவுக்கு மேல் அது நீடிப்பதும் இல்லை. கடிதத்தை எவ்வளவு சரியாக எழுதினாலும் இல்லாத உரிமை கைமாறாது.

“சம்மதம், ஆனால்...”

1929இல் போ தோட்டம் தொடங்கிய காலத்திலிருந்து தேயிலைக்காக இந்த மலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இன்று கடை வைத்திருக்கிறார்கள், லோரி ஓட்டுகிறார்கள், ஹோட்டல்களில் வேலை செய்கிறார்கள். வேலைக்கான ‘சூராட் தாவாரான்’, வாடகைக் கடிதம், ஆள்குறைப்புக் கடிதம் என்று ஏதோ ஒரு முன்மொழிவு எல்லார் வீட்டுக்கும் வருகிறது. அதற்குப் பதில் எழுதும்போது பெரும்பாலும் செய்யப்படும் தவறு ஒன்றே ஒன்று: “ஆனால்” என்ற சொல்.

பிரிவு 7இன்படி ஏற்பு முழுமையாக இருக்க வேண்டும், நிபந்தனை இருக்கக் கூடாது. ஒரு நிறுவனம் தன் தொழிலாளிக்கு, “இந்த மாதம் 30ஆம் தேதிக்குள் கையெழுத்திட்டுக் கொடுத்தால் சட்டப்படியான தொகைக்கு மேல் 5,000 ரிங்கிட் தருகிறோம், இரண்டு மாதத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டும்” என்று கடிதம் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தொழிலாளி கையெழுத்திட்டுவிட்டு, கீழே “சம்மதம், ஆனால் ஆறு மாதம் தவணை வேண்டும்” என்று எழுதிக் கொடுக்கிறார். அவர் ஏற்றுக்கொண்டதாக நினைக்கிறார். சட்டத்தின் கண்ணில் அவர் பழைய முன்மொழிவைத் தள்ளிவிட்டு, புதிதாக ஒன்றை நிறுவனத்தின் முன் வைத்திருக்கிறார். நிறுவனம் முடியாது என்றால், “சரி, இரண்டு மாதமே போதும்” என்று பழையதற்குத் திரும்ப முடியாது. அது போயே போய்விட்டது. 1840இல் இங்கிலாந்தில் 1,000 பவுனுக்குச் சொல்லப்பட்ட பண்ணையை 950 பவுனுக்குக் கேட்டவருக்கும் இதே கதிதான். விற்பவர் மறுத்த பிறகு 1,000 பவுனே தருகிறேன் என்று வந்தார். ஒப்பந்தம் இல்லை என்று தீர்ப்பானது.

அப்படியென்றால் வாயே திறக்கக் கூடாதா? திறக்கலாம். கேள்வியாகக் கேட்க வேண்டும். “தவணையை ஆறு மாதமாக்க வாய்ப்பு உண்டா? தெரிந்த பிறகு, குறித்த தேதிக்குள் என் முடிவைச் சொல்கிறேன்” என்று எழுதினால் அது விசாரணை மட்டுமே, முன்மொழிவு அப்படியே நிற்கும். இதற்கும் 1880இல் ஓர் இரும்பு வியாபார வழக்கு இருக்கிறது. சரக்கை இரண்டு மாத காலத்தில் பெற்றுக்கொள்ள ஒப்புவீர்களா என்று தந்தியில் கேட்ட வியாபாரி முன்மொழிவைத் தள்ளவில்லை என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்ப்பது மிக அவசியம். ஆள்குறைப்பின்போது 1980ஆம் ஆண்டு விதிமுறைகள்படி கிடைக்க வேண்டிய இழப்பீடு முன்மொழிவே அல்ல. ஓராண்டுக்கு மேல் இரண்டாண்டுக்குள் வேலை செய்தவருக்கு ஆண்டொன்றுக்கு 10 நாள் சம்பளம், இரண்டு முதல் ஐந்தாண்டுக்குள் 15 நாள், ஐந்தாண்டும் அதற்கு மேலும் என்றால் 20 நாள். அது உரிமை. “இந்தத் தேதிக்குள் கையெழுத்திடாவிட்டால் அதுவும் கிடையாது” என்று யாராவது சொன்னால், அது சட்டத்தில் இல்லாத பேச்சு. கெடு வைக்கவும் திரும்பப் பெறவும் முடிவது, அதற்கு மேல் தருவதாகச் சொல்லும் கூடுதல் தொகையை மட்டுமே.

வேலைக் கடிதத்தில் முதலாளி தரப்பையும் இதே விதி கட்டுகிறது. 1964இல் வெளிவந்த ‘கோயெல்லோ எதிர் பொதுச் சேவை ஆணையம்’ வழக்கில், மலாய் மெயில் நாளிதழில் வந்த விளம்பரத்தைப் பார்த்து ஒருவர் கடவுச்சீட்டுப் பிரிவு வேலைக்கு விண்ணப்பித்தார். விளம்பரம் என்பது வெறும் அழைப்பு, விண்ணப்பம்தான் முன்மொழிவு, எந்த நிபந்தனையும் சொல்லாமல் வந்த தேர்வுக் கடிதம் முழுமையான ஏற்பு என்றது நீதிமன்றம். பிறகு “நீங்கள் தகுதிகாண் காலத்தில்தான் இருந்தீர்கள்” என்று சொல்லி அவரை நிறுத்தியது செல்லவில்லை.

போன், வாட்ஸ்அப், கட்டைவிரல்

இந்தக் காலத்தில் யார் தபாலில் பதில் போடுகிறார்கள் என்ற கேள்வி நியாயமானது. தவுக்கேயிடம் முட்டைக்கோஸ் விலை பேசுவது போனில். உறுதி செய்வது வாட்ஸ்அப்பில்.

போனில் பேசும்போது தபால் விதி இல்லை. சம்மதம் மறுமுனையில் காதில் விழ வேண்டும். இந்திய உச்ச நீதிமன்றம் 1965இல் ஒரு பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு வியாபார வழக்கில் இதை முடிவு செய்தது. அகமதாபாத் வியாபாரி போனில் விலை சொன்னார், காம்காவ் வியாபாரி அங்கிருந்து சரி என்றார். அந்தச் “சரி” கேட்கப்பட்ட அகமதாபாத்தில்தான் ஒப்பந்தம் பிறந்தது என்றார்கள். புளூ வேலி, கம்போங் ராஜா பக்கம் பேசிக்கொண்டிருக்கும்போதே லைன் கட்டாகும் அனுபவம் உள்ளவர்கள் இதை மனதில் கொள்ள வேண்டும். நீங்கள் “ஓகே தவுக்கே” என்று சொன்னபோது லைன் போய்விட்டிருந்தால், திரும்பக் கூப்பிட்டுச் சொல்லாதவரை ஒப்பந்தம் இல்லை.

மின்னியல் செய்திகளுக்கு 2006ஆம் ஆண்டு மின்வணிகச் சட்டம் இருக்கிறது. முன்மொழிவு, ஏற்பு, திரும்பப் பெறுதல் எல்லாவற்றையும் மின்னியல் செய்தியாகச் செய்யலாம் என்று அது சொல்கிறது. ஆகவே “வாட்ஸ்அப்தானே, அது கணக்கில்லை” என்ற பேச்சு எடுபடாது.

கணக்கில் வந்த கதை ஒன்று கனடாவில் நடந்திருக்கிறது. சஸ்காச்சுவான் மாநிலத்தில் தானியம் வாங்கும் ஒரு நிறுவனம், ஆளி விதை வாங்குவதற்கான ஒப்பந்தத்தைப் படமெடுத்து ஒரு விவசாயிக்குக் கைத்தொலைபேசியில் அனுப்பி, உறுதி செய்யும்படி கேட்டது. விவசாயி கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் சின்னத்தை மட்டும் அனுப்பினார். விதை வந்து சேரவில்லை, விலையோ ஏறிவிட்டது. “கிடைத்தது என்று சொல்லத்தான் அனுப்பினேன்” என்றார் விவசாயி. அதற்கு முன்பெல்லாம் அவர் “ஓகே” போன்ற ஒற்றைச் சொல்லிலேயே ஒப்பந்தங்களை உறுதி செய்து விதையும் கொடுத்திருக்கிறார் என்பதைப் பார்த்த நீதிமன்றம், கட்டைவிரலும் ஏற்புதான் என்று 2023இல் தீர்ப்பளித்தது. அவர் கட்ட வேண்டி வந்த தொகை 82,000 கனடா டாலருக்கு மேல். கனடா தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் மொத்த வியாபாரிக்கு நாள் முழுக்கக் கட்டைவிரல் அனுப்பிக்கொண்டிருக்கும் நம் காய்கறிக்காரர்கள் “பார்த்துவிட்டேன், பிறகு சொல்கிறேன்” என்று நாலு சொல் தட்டுவது நல்லது.

பதிலே அனுப்பாவிட்டால்? மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பது கல்யாணப் பேச்சில் சரி. ஒப்பந்தத்தில் பொதுவாக அது சம்மதமாகாது. “மூன்று நாளில் பதில் இல்லையென்றால் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வோம்” என்று ஒருவர் தானாக எழுதி அனுப்பிவிட்டு உங்களைக் கட்டிப்போட முடியாது. ஆனால் கை பேசினால் கதை வேறு. அவர் அனுப்பிய முன்பணத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாலோ, கேட்ட சரக்கை லோரியில் ஏற்றிவிட்டாலோ, பிரிவு 8இன்படி அதுவே ஏற்பு.

கெடுவும் சாவும்

யாரும் திரும்பப் பெறாமலேயே முன்மொழிவு முடிந்துபோவதும் உண்டு. குறித்த தேதி கடந்தால் அது முடிந்தது. தேதி குறிக்காவிட்டால் நியாயமான காலம் வரை நிற்கும். நியாயமான காலம் எவ்வளவு என்பது பொருளைப் பொறுத்தது. கீரைக்கு அரை நாள்கூட அதிகம். நிலத்துக்கு வாரங்கள் ஆகலாம்.

முன்மொழிந்தவர் இறந்துவிட்டால்? இந்த இடத்தில் சட்டம் நுட்பமாக ஒரு கோடு போடுகிறது. ஏற்பதற்கு முன் அந்தச் சாவு ஏற்பவருக்குத் தெரிந்திருந்தால் முன்மொழிவு செத்துவிட்டது. தெரியாமல் ஏற்றிருந்தால் ஏற்பு நிற்கும், வாரிசுகள் அதற்குப் பதில் சொல்ல வேண்டிவரும். ஒருவர் கண் மூடிய அரை மணி நேரத்தில் எல்லா லயத்துக்கும் செய்தி போய்விடும் தோட்டத்தில், “எனக்குத் தெரியாது” என்பதை நிரூபிப்பது எளிதல்ல.

முன்மொழிவு திரும்பப் பெறப்பட்டதை மூன்றாம் மனிதர் வாயிலாகக் கேள்விப்பட்டால் என்ன செய்வது என்பதும் அடிக்கடி எழும் சந்தேகம். பிரிஞ்சாங் காப்பிக் கடையில் யாரோ “அந்த வீடு போயிடுச்சுப்பா” என்று சொன்னால் விட்டுவிட வேண்டுமா? முன்மொழிந்தவர் மற்றவருக்குத் தரும் அறிவிப்பைப் பற்றித்தான் பிரிவு 6 பேசுகிறது. கடைப் பேச்சைக் கேட்டுக் கைகழுவாமல், வீட்டுக்காரரையே உடனே கேட்டுவிடுவது மேல்.

சிறிய தொகைத் தகராறுகளுக்கு, 5,000 ரிங்கிட் வரை, மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை முறையில் வழக்கறிஞர் இல்லாமலேயே வழக்குப் பதியலாம். கொடுத்த முன்பணம் திரும்பவில்லை என்ற புகார்களில் பல இந்த வரம்புக்குள் வந்துவிடும். ஒப்பந்தம் மீறப்பட்ட நாளிலிருந்து ஆறு ஆண்டுகளுக்குள் பதிய வேண்டும்.

மறுபடி அந்தக் குடும்பத்துக்கு வருவோம். வியாழன் காலை கடிதத்தைப் போட்டுவிட்டார்கள். இரவு மருமகன் வந்து, வங்கி எதிர்பார்த்த கடனைத் தராது என்கிறார். வீட்டுக்காரர் கட்டுப்பட்டாயிற்று, இவர்களும் மாட்டிக்கொண்டார்களா? இல்லை. ஏற்பவர் கட்டுப்படுவது, அவருடைய ஏற்பு முன்மொழிந்தவருக்குத் தெரியவரும்போதுதான் என்று அதே பிரிவு 4 சொல்கிறது. ஒரே கடிதம் ஒருவரை வியாழனிலும் மற்றவரை அது போய்ச் சேரும் நாளிலும் கட்டுகிறது. அதுவரை இவர்கள் தங்கள் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்கிறது பிரிவு 5. கடிதத்தை முந்திக்கொண்டு அன்றிரவே வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, “எங்கள் சம்மதக் கடிதம் வருகிறது, அதை ரத்து செய்கிறோம்” என்று சொல்லி, அதையே ஒரு செய்தியாகவும் அனுப்பிவிட்டால் போதும். வெள்ளிக்கிழமை தபால்காரர் வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கடிதத்தைக் கொடுத்த பிறகு அந்தக் கதவும் மூடிவிடும்.